எனக்க தம்பி எங்க மக்களே இருப்பான்?

விசுவாசக் குடும்பத்துல ஒரு நாத்திகர் செத்துட்டா துக்கம் கேக்க வர்றவங்களுக்கு என்ன பேசுறதுன்னே தெரியாது. எங்க மாமா சாவுல இத நல்லா பாத்தேன். அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் முறையா ஆன ஆளு, சின்ன வயசுல சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில ப்ரைஸ் வாங்கினவரு, காலேஜ் போய் கம்யூனிஸ்ட் ஆனதுக்கப்புறம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர கோவில் வாசப்படி மிதிக்கல. உடம்ப மெடிக்கல் காலேஜுக்கு எழுதி வச்சிட்டாரு. அதனால அடக்க ஆராதனை இல்ல, சபைச் சந்தா கட்டாத ஆளுக்கு கல்லறைத் தோட்டத்துல இடம் குடுக்கலாமா கூடாதான்னு கமிட்டி கூடுற வேலையும் இல்ல (மனுஷன் இத கணக்குப் போட்டுத்தான் எழுதி வச்சாரோன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு சந்தேகம்). வெளிய தோழர்கள் செங்கொடியோட நின்னாங்க, உள்ள சபை ஆளுங்க பாட்டுப் புஸ்தகத்த கையில வச்சிட்டு முழிச்சாங்க, ஏன்னா நம்ம அடக்கப் பாட்டு பூரா பரலோகத்துல பாப்போம்னுதான இருக்கும், அத இங்க பாடலாமா வேண்டாமான்னு யாருக்கும் தைரியம் வரல. ஒரு ஆன்ட்டி மட்டும் தைரியமா பேசினாங்க. "நல்ல மனுஷன், என்ன செய்ய, இப்போ எரிஞ்சிட்டுல்லா இருப்பாரு"ன்னு பக்கத்துல இருந்தவங்க காதுல சொன்னாங்க, சொன்னது எங்க எல்லாருக்கும் கேட்டுது.

அம்மாவுக்கும் கேட்டுது. ராத்திரி எல்லாரும் போனப்புறம் "எனக்க தம்பி இப்போ எங்க மக்களே இருப்பான்? பைபிள் கிளாஸ் எடுக்கியவ நீதான, சொல்லு"ன்னாங்க. தெரியாதும்மா, ஆனா...ன்னு ஆரம்பிச்சேன். அந்த ஆனாவுக்கு அப்புறம் சொல்ல நினைச்சதத்தான் இங்க எழுதுறேன், அன்னைக்கு இவ்ளோ கோர்வையா எல்லாம் வரல.

இந்தக் கேள்விய அம்மாவுக்கு முன்னாடியே வேற ஆளுங்க கேட்டிருக்காங்க, அதுவும் எங்க ஊருக்கு ரொம்ப வேண்டியவர்கிட்டயே. நாகர்கோவில்காரங்களுக்கு கோட்டாறு சவேரியார பத்தி அறிமுகம் வேண்டாம். திருவிழான்னா மதம் பாக்காம ஊரே போகும், டிசம்பர் 3 மாவட்டத்துக்கே லோக்கல் ஹாலிடே, நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) ஆனாலும் திருவிழாக் கடையில வளையல் வாங்காத வருஷம் இல்ல. அந்த சவேரியார், பிரான்சிஸ் சவேரியார்ங்கிற கத்தோலிக்க மிஷனரி, 1542ல கோவாவுல வந்து இறங்கி அதே வருஷம் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்துறை கரைக்கு வந்தாரு. தமிழ் தெரியாது. ஆளு வச்சு விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழாக்கி, தானும் மனப்பாடம் பண்ணி, கையில மணிய ஆட்டிக்கிட்டே தெருத்தெருவா போய் பிள்ளைங்கள கூட்டி சொல்லிக் குடுத்தாரு. 1544 ஜனவரியில கொச்சியிலேர்ந்து எழுதின கடிதத்துல ஞானஸ்நானம் குடுத்துக் குடுத்து கை ஓஞ்சு போகுதுன்னு சொல்றாரு. அதே கடிதத்துலதான், ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய் பாரிஸ் யுனிவர்சிட்டியில பைத்தியக்காரன் மாதிரி கத்தணும்போல இருக்கு, படிச்சவங்களே உங்க அலட்சியத்தால எத்தன ஆத்துமா நரகத்துக்குப் போகுதுன்னு தெரியுமான்னு கேக்கணும்போல இருக்குன்னும் எழுதுறாரு. சும்மா பேச்சுக்கு சொன்னது இல்ல, அந்த மனுஷன் அத நெஜமாவே நம்பினாரு, அந்த பயம்தான் அவர கடல் கடலா ஓட வச்சது.

அப்புறம் 1549 ஆகஸ்ட் 15 ஜப்பான்ல ககோஷிமாவுல போய் இறங்கினாரு, ரெண்டு வருஷத்துக்கு மேல அங்க இருந்தாரு. திரும்பி வந்து 1552 ஜனவரியில மறுபடியும் கொச்சியிலேர்ந்து ஒரு நீளமான கடிதம். புதுசா விசுவாசத்துக்கு வந்த ஜப்பான்காரங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தாங்க முடியலயாம். செத்துப்போன அப்பா அம்மா, பிள்ளைங்க, தாத்தா பாட்டி எல்லாரும் நரகத்துல இருக்காங்க, அங்கேர்ந்து வெளிய வரவே முடியாதுன்னு இவரு சொன்னது. ஜெபம் பண்ணா ஆகாதா, தர்மம் குடுத்தா ஆகாதா, கடவுளால அவங்கள வெளிய எடுக்க முடியாதான்னு கேட்டு அழறாங்களாம். இவரு, ஒரு வழியும் இல்லன்னு சொல்றாரு. சொல்லிட்டு, எனக்கு இவ்ளோ பிரியமானவங்க இப்படி மாத்தவே முடியாத ஒண்ணுக்காக அழறத பாத்தா எனக்கே கண்ணீர் அடக்க முடியலன்னு எழுதுறாரு. அந்த வருஷம் டிசம்பர் 3 சீனாவுக்குப் பக்கத்துல ஒரு தீவுல செத்தும் போயிட்டாரு, அந்தக் கேள்விய அதுக்கு மேல யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கல.

நான் இந்த இடத்துலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். பதில் இதுதான்னு உறுதியா தெரிஞ்சவருக்கு ஏன் அழுகை வரணும்? கடவுள் செஞ்சது நியாயம்னா அத நினைச்சு சந்தோஷம்ல படணும். அவருக்கு அந்தக் கண்ணீர் எங்கேர்ந்து வந்துது, எருசலேமப் பாத்து அழுதாரே இயேசு, அவர்கிட்டேர்ந்து வராம வேற எங்கேர்ந்து வந்திருக்கும்?

ஜப்பான்காரங்க இன்னொரு கேள்வியும் கேட்டாங்க, உங்க கடவுள் அவ்ளோ நல்லவர்னா இத்தன காலமா எங்க முன்னோருக்கு ஏன் சொல்லி விடலன்னு. (இதே கேள்விய எங்க சண்டே ஸ்கூல்ல ஒன்பதாம் கிளாஸ் படிக்கிற பொண்ணு கேட்டா.) அதுக்கு சவேரியார், சீனாவுலேர்ந்து மதமெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே கொலை தப்பு, திருட்டு தப்பு, பொய்சாட்சி தப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல, மலையில தனியா வளந்த ஒருத்தனுக்குக்கூட அது தெரியும், படைச்சவரே உள்ளுக்குள்ள எழுதி வச்சிருக்காருன்னு பதில் சொன்னாரு. இது பவுல் எழுதின ரோமர் 2 அப்படியே. சாக்கு சொல்ல வழியில்லன்னு காட்டத்தான் அவரு இத சொன்னாரு, ஆனா அந்த வசனத்த எடுத்து வாசிச்சுப் பாருங்க, நியாயப்பிரமாணம் இல்லாதவங்களோட சிந்தனை "குற்றமுண்டு குற்றமில்லையென்று" ஒண்ண ஒண்ணு தீர்க்கும்னு இருக்கு. குற்றமில்லன்னு சொல்லவும் பவுல் இடம் வச்சிருக்காரு. அந்தப் பாதிய நாம பிரசங்கத்துல கேட்டதே இல்ல.

சவேரியார மட்டும் குத்தம் சொல்லி புண்ணியம் இல்ல, அவரு அவங்க சபை சொல்லிக் குடுத்தத சொன்னாரு. 1442ல ஃப்ளோரன்ஸ் சங்கம், சபைக்கு வெளிய இருக்கிற எல்லாரும், சாகறதுக்குள்ள உள்ள வந்து சேரலன்னா, நித்திய அக்கினிக்குத்தான்னு எழுதியே வச்சிருந்துது. அதே சபைதான் 1964 நவம்பர்ல, ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல, தன் தப்பு இல்லாம சுவிசேஷத்த அறியாம இருந்து நேர்மையான மனசோட கடவுளத் தேடி மனசாட்சி சொன்னபடி நடந்தவங்களும் இரட்சிப்பு அடையலாம்னு சொன்னது, கடவுள்னு ஒருத்தர வெளிப்படையா அறியாதவங்களையும் அதுல சேத்துக்கிட்டு. 2007ல ஞானஸ்நானம் இல்லாம செத்த கைக்குழந்தைங்களுக்கும் இரட்சிப்பு கிடைக்கும்னு நம்பறதுக்கு ஆதாரம் இருக்குன்னு அவங்க வேதசாஸ்திரக் குழு ஒரு அறிக்கை குடுத்துது. மத்த சபைக்காரங்கள பத்தி நான் ஏன் இவ்ளோ பேசுறேன்னா, அவங்களாவது உக்காந்து யோசிச்சு எழுதி வச்சாங்க. நம்ம பக்கத்துல இப்படி ஒண்ணு எழுதி வச்சத நான் பாத்ததில்ல, ஆனா கன்வென்ஷன் மேடை ஏறினா யாரு நரகத்துக்குன்னு எல்லாருக்கும் லிஸ்ட் தெரியும்.

நம்ம புராட்டஸ்டன்ட் பக்கம்னா, 16ஆம் நூற்றாண்டு சீர்திருத்தவாதி கால்வின சொல்லாம முடியாது. யாரு இரட்சிக்கப்படணும் யாரு அழியணும்னு உலகத்தோற்றத்துக்கு முன்னாடியே தேவன் தீர்மானிச்சுட்டாருன்னு (இதத்தான் முன்குறித்தல்ம்பாங்க) சொன்னவரு, அது பயங்கரமான தீர்மானம்தான், நானே ஒத்துக்கறேன்னும் சொன்னாரு. 1618லேர்ந்து 1619 வரைக்கும் நெதர்லாந்துல டோர்ட்ங்கிற ஊர்ல கூடி அத சட்டமாவே ஆக்கினாங்க. நூறு வருஷம் கழிச்சு ஜான் வெஸ்லி இது சாத்தானையும் விட மோசமா கடவுள காட்டுதுன்னு கொதிச்சு எழுந்தாரு, அதுல 1739, 40 வாக்குல அவருக்கும் சிநேகிதர் ஒயிட்ஃபீல்டுக்கும் பெரிய பிரிவினையே வந்துது. இதுல வேடிக்கை என்னன்னா 1947 செப்டம்பர் 27 சிஎஸ்ஐ ஆனப்போ கால்வின் வழி வந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்காரங்களும் வெஸ்லி வழி வந்த மெத்தடிஸ்ட்காரங்களும் ஆங்கிலிக்கனோட சேந்து ஒரே பெஞ்சுல உக்காந்தாச்சு. இன்னைக்கு நம்ம சபையில போய் முன்குறித்தல் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டா எல்லாம் கர்த்தர் சித்தம்பாங்க, அடுத்த நிமிஷமே மனந்திரும்பலன்னா உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கறம்பாங்க, ரெண்டையும் ஒரே மூச்சுல. எனக்கு இதுல கோபம் இல்ல, ரெண்டும் சேந்து இருக்கிறதே சரியோன்னுகூட சில சமயம் தோணும். எங்க மாமா அவிசுவாசம் அவருக்கு முன்குறிச்சதா, அவரே எடுத்த முடிவான்னு பிரிச்சுப் பாக்க எனக்குத் தெரியல. அப்பா கம்யூனிஸ்டா இருந்தவங்க வீட்ல பிறந்து விசுவாசியா ஆனவங்களும் இருக்காங்க, போதகர் வீட்ல பிறந்து ஒண்ணுமே நம்பாதவங்களும் இருக்காங்க.

சரி, நரகத்த பத்தி இயேசு பேசவே இல்லையான்னா நிறைய பேசியிருக்காரு. புறம்பான இருள், பல்கடிப்பு, அவியாத அக்கினி எல்லாமே அவர் வாயிலேர்ந்து வந்ததுதான், அதத் தடவிக் குடுத்து இல்லன்னு ஆக்க நான் தயாரா இல்ல. ஆனா யாரப் பாத்து சொன்னாருன்னு கொஞ்சம் கவனிங்க. நூற்றுக்கு அதிபதிங்கிற அந்த ரோமன், வெளியாளு, அவனப் பாத்து இஸ்ரவேலருக்குள்ளயும் இப்படிப்பட்ட விசுவாசத்தக் காணலன்னு ஆச்சரியப்பட்டுட்டு, ராஜ்யத்தின் புத்திரர்தான் புறம்பான இருள்ல தள்ளப்படுவாங்கன்னு சொன்னாரு. கர்த்தாவே கர்த்தாவேன்னு கூப்பிட்டு அவர் நாமத்துல தீர்க்கதரிசனம் சொன்னவங்களத்தான் உங்கள எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லுவேன்னாரு. ஐசுவரியவான் - லாசரு கதையில பாதாளத்துல வேதனப்படுறவன் "தகப்பனாகிய ஆபிரகாமே"ன்னு உரிமையா கூப்பிடுற உள்ளூர் பக்தன். இதெல்லாம் நம்ம அட்ரஸுக்கு வந்த லெட்டர். நாம பிரிச்சுக்கூட பாக்காம பக்கத்து வீட்டுக்குத் தள்ளி விட்டுட்டு இருக்கோம்.

லூக்கா 13ல ஒருத்தன் நேராவே கேட்டான், ஆண்டவரே இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோன்னு. ஆமான்னு சொல்லல, இல்லன்னும் சொல்லல. "இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள்"னு கேட்டவன் பக்கமே திருப்பி விட்டாரு. இன்னொருத்தன் கதி என்னன்னு பேதுரு கேட்டப்பவும் உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவான்னுதான் பதில். அந்த ஆன்ட்டிக்கு இத சொல்லணும்னு ரொம்ப ஆசப்பட்டேன், அம்மா கண்ணக் காட்டி வேண்டாம்னுட்டாங்க.

இதுக்காக எல்லாரும் கடைசியில பரலோகம் போயிடுவாங்கன்னு கண்ண மூடிட்டு சொல்றவளும் நான் இல்ல. ஆதிச்சபை வேதசாஸ்திரி ஆரிகன் கிட்டத்தட்ட அப்படி சொன்னாருன்னு அவரு செத்து முந்நூறு வருஷம் கழிச்சு, 553 வாக்குல, கண்டனம் பண்ணாங்க, அதே மாதிரி யோசிச்ச நிசாவின் கிரிகோரிய பரிசுத்தவான்னு வச்சிருக்காங்க, அது அவங்க பாடு. எனக்கு அது ஒட்டாததுக்குக் காரணமே எங்க மாமாதான்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்க வீட்டுக்கு வருவாரு, அம்மா செய்ற முந்திரிக்கொத்து சாப்பிடுவாரு, அப்புறம் கீழ்வெண்மணி எடுப்பாரு. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழத்தஞ்சையில, கூலி கூடக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளிங்க குடும்பம், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம், 44 பேரு ஒரு குடிசைக்குள்ள ஒளிஞ்சிருந்தப்போ தீ வச்சுக் கொளுத்தினாங்க. மிராசுதாரர் கடைசியில ஹைகோர்ட்ல விடுதலையாகி வீட்டுக்குப் போனாரு. "நீங்க பெத்லகேம்லன்னு கேரல்ஸ் பாடிட்டு இருந்த ராத்திரி. உங்க ஆளு எங்க போயிருந்தாரு?"ன்னு கேப்பாரு. ஒவ்வொரு வருஷமும். சின்னப் பிள்ளையா இருக்கும்போது கேக் சாப்பிடுற நேரத்துல இந்த மாமா ஏன் இப்படின்னு எரிச்சலா இருக்கும். ஒரு வருஷம் அம்மா பொறுக்க மாட்டாம "நியாயத்தீர்ப்பு நாள்னு ஒண்ணு இருக்குடே, அன்னைக்கு எல்லாத்துக்கும் கணக்கு உண்டு"ன்னு சொன்னாங்க. மாமா சிரிக்கல. "இருந்தா நல்லாத்தான் அக்கா இருக்கும், இல்லியே"ன்னாரு.

நியாயத்தீர்ப்பு நாள் வரணும்னு எங்க வீட்ல நெஜமா ஏங்கினது அவரு ஒருத்தருதான்னு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. நாங்க எல்லாம் அது தள்ளிப் போனா நல்லதுன்னு இருந்தோம். எல்லாரும் கடைசியில ஒண்ணுதான்னு நான் ஈசியா சொல்லிட்டா அந்த 44 பேருக்கு என்ன பதில்? கொளுத்தினவனும் கொளுத்தப்பட்டவங்களும் எதுவுமே நடக்காத மாதிரி ஒரே பந்தியில உக்காரணும்னா, முதல்ல எந்திரிச்சு வெளிய போறது எங்க மாமாவாத்தான் இருக்கும். கொளுத்தினவனுக்குக்கூட மன்னிப்பு உண்டுன்னு சிலுவை சொல்லுது, தெரியும், அத நான் மறுக்கல, ஆனா அது உண்மை எல்லாம் வெளிய வந்து, அந்தக் குழந்தைங்க முகத்த அவன் பாத்ததுக்கப்புறம் வர்ற மன்னிப்பா இருக்கணும். அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது. அந்த இடம் சுடாம இருக்காதுன்னு மட்டும் நினைக்கிறேன்.

மலைப்பிரசங்கத்துல "நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் திருப்தியடைவார்கள்"னு இருக்கு. அதுல ஞானஸ்நான சர்டிபிகேட் கேக்கல. சந்தா புக் கேக்கல. மத்தேயு 25லயும் வலது பக்கம் நிக்கிறவங்க, ஆண்டவரே எப்போ உம்மப் பசியா இருக்கப் பாத்தோம், எப்போ சிறையில பாத்தோம்னு ஒண்ணும் புரியாம கேக்குறாங்க. அவருக்குத்தான் செய்றோம்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. மாமா அந்த வரிசையில நின்னா கண்டிப்பா கேப்பாரு, எனக்கு நல்லாவே காட்சியா தெரியுது, "நான் உங்களுக்குன்னு எதும் செய்யலியே, பென்ஷன் கிடைக்காத கிழவிக்கில்லா மனு எழுதிக் குடுத்தேன்"ன்னு.

அங்கயும் நியாயமா ஒரு விஷயம் சொல்லணும். "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்"ங்கிற யோவான் 14:6 நான் ஒதுக்கி வைக்கல. யாரு போனாலும் அவரு மூலமாத்தான் போவாங்க. அவரு யாரக் கூட்டிட்டுப் போவாருங்கிறதுதான் நம்ம கையில இல்ல.

மாமா ஏன் விட்டுப் போனாருன்னு கேட்டா மார்க்ஸ படிச்சுதான்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவரு சொன்ன காரணம் வேற. சபையில எலக்‌ஷன்னா எந்த குடும்பம், எந்த சாதின்னு கணக்குப் பாத்து ஓட்டுப் போட்டுட்டு, அடுத்த வாரம் கிறிஸ்துவுக்குள் யூதனுமில்ல கிரேக்கனுமில்லன்னு பிரசங்கம் கேட்டா எனக்கு உடம்பு கூசுதுன்னாரு. நாத்திகம் உண்டாகுறதுல விசுவாசிங்களுக்கும் சின்னதில்லாத பங்கு இருக்கு, அவங்க வாழ்ற வாழ்க்கையால கடவுளோட முகத்தக் காட்டுறதுக்குப் பதிலா மறைச்சுடுறாங்கன்னு 1965ல அதே வத்திக்கான் சங்கம் சொல்லியிருக்கு. மாமா தள்ளிவிட்டது அந்த மறைச்ச முகத்தன்னா, நெஜ முகத்த அவரு பாக்கவே இல்லன்னுதான அர்த்தம்? பாக்காத ஒருத்தர மறுத்தாருன்னு எப்படி கேஸ் எழுதுறது?

விசுவாசிக்கிறவங்களுக்குள்ளயும் இந்த இருட்டு உண்டு. அன்னை தெரசாவோட கடிதங்கள் 2007ல வெளிய வந்தப்போ பல பேருக்கு அதிர்ச்சி, கிட்டத்தட்ட அம்பது வருஷம் அந்தம்மாவுக்கு உள்ள கடவுள் இருக்கிற மாதிரியே தோணலயாம், அப்படியே ஜெபிச்சு அப்படியே ரோட்ல கிடந்தவங்களத் தூக்கியிருக்காங்க. சுவிசேஷத்துலயும் அந்தப் பிள்ளையோட அப்பா "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு ரெண்டையும் ஒரே வாக்கியத்துல சொன்னான், பிள்ளைக்கு சுகம் கிடைச்சுது, முதல்ல உன் அவிசுவாசத்த சரி பண்ணிட்டு வான்னு அனுப்பல. எனக்கும் மாமாவுக்கும் நடுவுல மதில் சுவர் இருந்த மாதிரி எனக்குத் தோணல. அவருக்கு நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு சந்தேகம்னா எனக்கு சில ராத்திரி அறுபது.

இத எல்லாம் படிச்சுட்டு என் சிநேகிதி ஒருத்தி, பெந்தெகொஸ்தே, போன்ல கேட்டா, அப்போ எதுக்கு சுவிசேஷம் சொல்லணும், அவங்கவங்க இருக்கிறபடியே இருக்கட்டும்னு விட்டுடலாமேன்னு. நல்ல கேள்விதான். சுவிசேஷம்ங்கிறத செத்தப்புறம் க்ளெய்ம் பண்ற எல்ஐசி பாலிசி மாதிரி வச்சிருந்தா அந்தக் கேள்விக்கு பதிலே இல்ல. எனக்கு இயேசு இன்னைக்கு வேணும், நேத்தும் இருந்தாரு, அவரு இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு எனக்குத் தெரியும், அதனால சொல்றேன். பயமுறுத்திக் கூட்டிட்டு வந்தவங்க பயம் தெளிஞ்சதும் போயிடுறாங்க, அதையும் பாத்திருக்கேன். அவ ஒத்துக்கல. நாங்க இன்னும் பேசிட்டுத்தான் இருக்கோம்.

அம்மா விஷயத்துக்கு வரேன். எங்க வீட்டு ராத்திரி ஜெபத்துல அம்மா குடும்பத்துல எல்லார் பேரையும் வயசு வரிசையில சொல்லுவாங்க. மாமா செத்தப்புறமும் அவர் பேரு அதே இடத்துல வந்துது. வீட்டுக்கு வந்த ஒரு மூப்பர் கேட்டுட்டு, மரிச்சவங்களுக்காக ஜெபிக்கிறது நம்ம முறை இல்லம்மா, அது கத்தோலிக்க முறைன்னு பக்குவமாத்தான் சொன்னாரு. சரிதான், லூத்தர் காலத்துல பாவமன்னிப்புச் சீட்டு வித்த வியாபாரத்த நிறுத்தணும்னு இந்தக் கதவையே சாத்திட்டாங்க, சாத்தினதுக்கு நியாயமும் இருந்துது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்னைக்கு பக்கத்து ஆர்சி (கத்தோலிக்க) கல்லறைத் தோட்டம் பூரா மெழுகுவர்த்தியும் பூவுமா இருக்கும்போது நாங்க மதில் இந்தப் பக்கமா நடந்து போவோம். அம்மா மூப்பர்கிட்ட எதிர்த்து ஒண்ணும் பேசல. அன்னைக்கு ராத்திரியும் பேரு வந்துது.

அம்மாவுக்கு நான் ஒரு படம் காட்டினேன், ஃபோன்ல. இஸ்தான்புல்ல கோராங்கிற பழைய சர்ச், 14ஆம் நூற்றாண்டு சுவரோவியம். நாம ஞாயித்துக்கிழம தோறும் பாதாளத்தில் இறங்கினார்னு ஓட்டமா சொல்லிட்டுப் போறோமே, அந்த ஒரு வரி. கிறிஸ்து வெள்ளை உடுப்புல, காலுக்குக் கீழ உடஞ்ச கதவும் பூட்டும் சாவியுமா சிதறிக் கிடக்கு, ஒரு கையில ஆதாம இன்னொரு கையில ஏவாள கல்லறையிலேர்ந்து இழுக்குறாரு. உத்துப் பாத்தா அவரு அவங்க மணிக்கட்டப் பிடிச்சிருப்பாரு. அவங்க கை அவரப் பிடிக்கல, சும்மா தொங்குது. அம்மா பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாங்க. "அப்போ பிடிக்காதவனையும் இழுப்பாரு"ன்னாங்க. இழுக்கலாம்மான்னேன்.

நடுவுல இன்னொண்ணு நடந்துது. சொந்தத்துல ஒருத்தர், மாமா ஐசியூவுல கடைசி நேரத்துல இயேசுவேன்னு கூப்பிட்டதா நர்ஸ் சொன்னாங்கன்னு பேசலாமேன்னு ஐடியா குடுத்தாரு. அப்படி யாரும் சொல்லல. குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கும்னுதான், கெட்ட எண்ணம் இல்ல. டார்வின் பத்தியும் இப்படித்தான், மரணப் படுக்கையில பைபிள் வாசிச்சு மனசு மாறினாருன்னு லேடி ஹோப்ங்கிற ஒரு அம்மா சொன்ன கதை 1915ல அமெரிக்காவுல ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையில வந்துது, டார்வினோட மகள் ஹென்ரியட்டா 1922ல, கடைசி நேரத்துல நான் பக்கத்துலயே இருந்தேன், அப்படி ஒண்ணும் நடக்கல, அந்த அம்மா அப்போ வரவே இல்லன்னு எழுதியும் நம்ம மேடைகள்ல அது இன்னும் ஓடுது. எனக்கு அந்த ஐடியாவக் கேட்டதும் வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்ல. வாழ்நாள் பூரா நேர்மையா இல்லன்னு சொன்ன மனுஷன் வாயில செத்தப்புறம் ஆமான்னு ஒரு பொய்ய வச்சு அவர பரலோகத்துக்கு அனுப்பணுமா? கள்ள பாஸ்போர்ட் இல்லாம அனுமதிக்கவே மாட்டாருங்கிற கடவுள எனக்குத் தெரியாது.

தோழர்கள் ஒரு படத்திறப்பு வச்சாங்க, அம்மாவையும் ரெண்டு வார்த்த பேசக் கூப்பிட்டாங்க. எனக்கு பயம்தான், மைக் கிடைச்சா அம்மா அங்கயே ஜெபம் பண்ணிடுவாங்களோன்னு. அம்மா எந்திரிச்சு, "கடவுள் இல்லைன்னு எனக்க தம்பி சொன்னான். இருக்காருன்னு நான் சொல்லுகேன். அவன் சொன்னது சரின்னா எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பயமும் இல்ல. நான் சொன்னது சரின்னா அவரு அவன விடமாட்டாரு"ன்னுட்டு உக்காந்துட்டாங்க. ஒரு தோழர் கைதட்டினாரு, அப்புறம் தட்டலாமா கூடாதான்னு சந்தேகத்துல நிறுத்திட்டாரு.

வேதசாஸ்திரப்படி அதுல ஓட்டை இருக்கு, எனக்கே தெரியுது. விடமாட்டாருங்கிறத அம்மா உறுதியா சொல்றாங்க, என்னால அவ்ளோ உறுதியா சொல்ல முடியல, ஏன்னா வேண்டாம்னு கடைசி வரைக்கும் கையத் தட்டி விடுற சுதந்திரத்தையும் அவரு மனுஷனுக்குக் குடுத்திருக்காருன்னு நான் நினைக்கிறேன். மாமா தட்டி விட்டது அவரோட கையத்தானா எங்க கையவாங்கிறதுலதான் என் நம்பிக்கை எல்லாம் இருக்கு. ஆபிரகாம் சோதோமுக்காக பேரம் பேசும்போது "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ"ன்னு கேட்டானே, அந்த அளவுக்கு நானும் நிப்பேன். பவுல் இன்னும் ஒரு படி மேல போயிட்டாரு, தன் சொந்த ஜனத்துக்காக நானே கிறிஸ்துவ விட்டு சபிக்கப்பட்டவனாப் போகவும் விரும்புவேன்னு ரோமர் 9ல எழுதுறாரு, முன்குறித்தல் பத்திப் பேசுறவங்க எல்லாரும் எடுக்கிற அதே அதிகாரத்தோட மூணாம் வசனம் அது. அத வாசிச்சுட்டு மேல போனா அந்த அதிகாரம் வேற மாதிரி கேக்குது.

வர்ற ஞாயிறு சீனியர் கிளாஸுக்கு மத்தேயு 25 நான் எடுக்கணும். எவனாவது ஒருத்தன் கண்டிப்பா "அக்கா, அப்போ காந்தி?"ன்னு கேப்பான், எல்லா வருஷமும் கேப்பாங்க. இந்த தடவ லூக்கா 13அ எடுத்து அவனையே சத்தமா வாசிக்கச் சொல்லலாம்னு இருக்கேன். வாசிச்சு முடிச்சுட்டு அவன் என்ன கேக்குறானோ, அதுக்கு இன்னும் ஒண்ணும் ரெடி பண்ணல.